ஊசித்தட்டானைப் படமெடுக்கப் போகுமுன் யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

ஊசித்தட்டானைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் எடுத்தவுடன் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். இயற்கைக் காப்பகத்துக் குளக்கரையில் ஒரு வசந்தத்தின் வார இறுதிகள் எல்லாம் கரைந்த பிறகு மிஞ்சியவை, தலை தெளிவாகவும் வால் மங்கலாகவும் விழுந்த படங்களும், என்ன இனம் என்றே சொல்ல முடியாத நீலப் பூச்சிகளும்தான். பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளில்லாததால் ஏற்பட்ட சலிப்பு கொஞ்சநஞ்சமல்ல. பணத்தை விட நேரம்தான் வலித்தது. வசந்தம் ஒருமுறை போனால் அடுத்த ஆண்டுதான் வரும். சிக்கல் கருவியில் இல்லை. இந்தப் பூச்சியின் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று தெரியாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால் எந்த லென்ஸும் உதவாது. அதனால் அதன் நாளின் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். தட்டானுக்கு உடல் தடித்தது, கண்கள் பெரும்பாலும் தலை உச்சியில் ஒன்றையொன்று தொடும், உட்காரும்போது இறக்கைகள் விரிந்தே இருக்கும். ஊசித்தட்டானுக்கு உடல் குச்சி போல மெலிந்தது, கண்கள் தலையின் இரு ஓரங்களிலும் தள்ளித் தள்ளி இருக்கும், உட்கார்ந்தால் பெரும்பாலான இனங்கள் இறக்கைகளை முதுகின் மேல் ஒன்றாக மடித்துக்கொள்ளும். லெஸ்டெஸ் போன்ற சில வகைகள் பாதி விரித்து வைத்திருக்கும். இறக்கை மடித்து உட்காரும் இந்தப் பழக்கம்தான் படமெடுப்பதற்குப் பெரிய வசதி. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

வசந்தம் என்றதும் காலண்டரைப் பார்த்துக் கிளம்பிவிடக் கூடாது. பெரும்பாலான இனங்கள் குளிர்காலத்தைத் தண்ணீருக்குள் இளம்பருவமாகவே கழிக்கின்றன. நீர் சூடேறி, அடுத்தடுத்துச் சில வெயில் நாட்கள் கிடைத்தால்தான் மேலே ஏறி வரும். ஐரோப்பாவில் சிம்பெக்மா ஃபஸ்கா என்ற ஊசித்தட்டான் ஒரு விதிவிலக்கு. அது முதிர்ந்த பூச்சியாகவே குளிர்காலத்தைத் தாண்டுவதால் மற்றவை வருமுன்பே பறக்கத் தொடங்கிவிடும். அங்கே நீரிலிருந்து வெளிவருகிறவற்றில் பைர்ரோசோமா நிம்ஃபுலா என்ற சிவப்பு இனம் முந்தி வரும். நீல இனங்கள் அதற்குப் பிறகுதான் பெருகும். ஆகவே பருவத்தின் முதல் வாரங்களில் குளக்கரையில் நீலத்தைத் தேடி அலைவது வீண். இன்னொன்றும் உண்டு. புதிதாக வெளிவந்தவை உடனே தண்ணீர்ப் பக்கம் இருப்பதில்லை. நிறம் ஏறி இனப்பெருக்கத்துக்குத் தயாராகும்வரை, ஒரு வாரமோ அதற்கு மேலோ, குளத்தை விட்டு விலகி உயரப் புல்லிலும் புதர் ஓரங்களிலும் இரை பிடித்துத் திரியும். தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்கிறவருக்கு அன்று ஒன்றுமே இல்லை என்று தோன்றும். முதுகுக்குப் பின்னால் இருபது முப்பது மீட்டரில் நிறைய இருக்கும்.

கிளம்புமுன் காப்பகத்தின் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுவிடுங்கள். கேட்கத் தோன்றாத சின்னக் கேள்வி இது, ஆனால் அந்த நாளே இதில்தான் நிற்கிறது. ஊசித்தட்டானுக்குச் சொந்த உடல் வெப்பம் கிடையாது. சூரிய உதயத்திலிருந்து வெயில் புல்லில் நேராக விழும் வரைக்கும் அது பறக்க முடியாமல் தண்டைப் பிடித்தபடி இருக்கும். அசையாத பூச்சி, மென்மையான வெளிச்சம், காற்றில்லாத நேரம் மூன்றும் சேர்ந்து கிடைப்பது அப்போதுதான். கதவு தாமதமாகத் திறக்கும் இடமென்றால் மேகமூட்டமான, குளிர்ந்த நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. அன்று பூச்சி சூடேற நேரமெடுக்கும், அந்தக் காலை நேரம் நீளும். வானிலை அறிவிப்பில் வெப்பத்தை விடக் காற்றின் வேகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

காலையில் அவற்றைக் கண்டுபிடிப்பதே தனி வேலை. நிமிர்ந்து நின்று பார்த்தால் தெரியாது, ஏனென்றால் உடல் தண்டுக்கு இணையாக ஒட்டியிருக்கும். காற்று மறைவான பக்கத்தில், முழங்காலிலிருந்து இடுப்பு உயரம் வரை வளர்ந்த புல், கோரை, நாணல் ஓரங்களைத் தேடுங்கள். சூரியனை எதிர்நோக்கிக் குனிந்து, வெளிச்சம் உங்களை நோக்கி வரும்படி பாருங்கள். மடித்த இறக்கை கண்ணாடிச் சில்லு மாதிரி ஒளி வாங்கும், பனித்துளி படிந்திருந்தால் இன்னும் எளிது. ஒன்றைப் பார்த்ததும் நின்றுவிடுங்கள். ஒன்று இருக்குமிடத்தில் பக்கத்துத் தண்டுகளிலும் இருக்க வாய்ப்பு அதிகம். வேகமாகக் கால் வைத்தால் பார்த்த ஒன்றுக்காகப் பார்க்காத நாலைந்தை உதறிவிடுவோம்.

நெருங்கும்போது அது செய்கிற ஒரு காரியத்தைக் கவனித்தால் பிறகு மறக்காது. ஆள் பக்கத்தில் வந்ததும் பறக்காமல், கால்களை மெல்ல நகர்த்தித் தண்டின் பின்பக்கம் போய்விடும். மெலிந்த உடல் முழுக்கத் தண்டுக்குப் பின்னால் மறைந்திருக்க, இரண்டு கண்கள் மட்டும் தண்டின் இருபுறமும் துருத்திக்கொண்டு நம்மையே பார்க்கும். நாம் சுற்றிப் போனால் அதுவும் சுற்றும். துரத்தாதீர்கள். கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு, இன்னொரு கையைத் தண்டுக்கு அப்பால் ஓரடி தள்ளி மெதுவாக நீட்டுங்கள். கையைக் கண்டு அது உங்கள் பக்கமே திரும்பி வரும். உடலைப் பக்கவாட்டில் ஆட்டாமல் நேர்க்கோட்டில், தாழ்வாக நகர்வது முக்கியம். உங்கள் நிழல் அதன் மேல் விழவே கூடாது. நிழல் விழுந்த கணமே சூடேறிய பூச்சி எழுந்துவிடும். தண்டின் அடியைப் பையோ முக்காலியின் காலோ இடிப்பதும் அதே கதைதான், அதனால் முக்காலி வைக்கிறவர்கள் கால்களை முன்பே விரித்துக்கொண்டு நெருங்குங்கள்.

இனி, பாதி உடல் மங்கும் பிரச்சினை. முழுச்சட்ட சென்சாரில் உருவம் நிஜ அளவில் பாதியாக விழும்போது, அதாவது 1:2 விகிதத்தில், லென்ஸின் துவாரத்தை (அப்பர்ச்சர்) எஃப் 11-இல் வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். எஃப் 8 என்றால் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. 1:1 வரை போனால் எஃப் 11-லும் 1.3 மில்லிமீட்டர்தான். ஊசித்தட்டானின் உடல் 35 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கேமராவுக்கு அது 10 டிகிரி சாய்ந்திருந்தாலே தலைக்கும் வாலுக்கும் 6 மில்லிமீட்டர் தூர வித்தியாசம் வந்துவிடும். எஃப் 11-இன் 4 மில்லிமீட்டருக்குள் அது அடங்காது. 5 டிகிரி என்றால் 3 மில்லிமீட்டர், அடங்கிவிடும். எல்லாச் சிக்கலும் இந்த 5 டிகிரிக்குள் இருக்கிறது. அப்பர்ச்சரை எஃப் 22-க்கு மூடி இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. நெருக்கப் படங்களில் உண்மையான அப்பர்ச்சர் இன்னும் சுருங்கிவிடுவதால், 1:1-இல் எஃப் 11 என்று வைத்தாலே அது எஃப் 22 போல நடந்துகொள்ளும். அதற்கு மேல் மூடினால் சின்னத் துவாரத்தில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) படம் முழுக்கவே மென்மையாகிவிடும். 1:2 அளவில் எஃப் 8 முதல் 11 வரை போதும். மீதியைச் சாய்வைச் சரிசெய்துதான் சம்பாதிக்க வேண்டும்.

சரியான பக்கவாட்டு நிலை வந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இரண்டு அறிகுறிகள். எட்ட உள்ள கண் கிட்ட உள்ள கண்ணுக்குப் பின்னால் மறைந்துவிட வேண்டும். மடித்த இறக்கைகளின் விளிம்புகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தி ஒரே கோடாகத் தெரிய வேண்டும். இந்த நிலையில் கண், மார்பு, இறக்கை, வால்நுனி எல்லாமே ஒரே மெல்லிய தளத்தில் வந்துவிடும். இறக்கையை மடித்து உட்காருவது வசதி என்று முதலில் சொன்னது இதனால்தான். விரித்து உட்காரும் தட்டானில் இது நடக்காது. கேமராவின் மேல்பக்கத்தில் வட்டத்தைக் கோடு வெட்டுகிற மாதிரி ஒரு குறி இருக்கும், அது சென்சார் தளம். அந்தக் கோட்டையும் பூச்சியின் உடலையும் மேலிருந்து பார்த்து இணையாக்குங்கள். தண்டு செங்குத்து என்றால் கேமராவையும் செங்குத்தாகத் திருப்பிவிடுங்கள். தானியங்கி ஃபோகஸ் புல்லைப் பிடித்துக்கொண்டு படாதபாடு படுத்தும், ஆகவே கைமுறை ஃபோகஸில் விகிதத்தை முன்பே வைத்துவிட்டு, உடலை முன்னும் பின்னும் மெல்லச் சாய்த்துக் கண் தெளியும்போது நாலைந்து படங்கள் தொடர்ச்சியாக எடுங்கள். திரையில் பெரிதாக்கிக் கண்ணை மட்டும் பார்க்காமல் வால்நுனியையும் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

லென்ஸ் பற்றி இப்போது பேசலாம். 100 மில்லிமீட்டர் மேக்ரோ, அதாவது நெருக்கப் படத்துக்கான லென்ஸ், அதிகாலைக்கு நன்று, ஏனென்றால் பூச்சி நகராது, 1:2-க்கு முகத்துக்கு அருகே போகலாம். வெயில் ஏறிய பிறகு அதே தூரம் அதற்குப் பொறுக்காது. கையில் ஏற்கெனவே 200 அல்லது 300 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் புது மேக்ரோ வாங்குமுன் +2 டயாப்டர் நெருக்க லென்ஸ் ஒன்றை முன்னால் திருகிப் பாருங்கள். ஃபோகஸை முடிவிலியில் வைத்தால் 200-இல் 0.4 மடங்கு, 300-இல் 0.6 மடங்கு உருவம் கிடைக்கும், பூச்சிக்கும் உங்களுக்கும் அரை மீட்டர் இடைவெளியும் இருக்கும். இரண்டு கண்ணாடிகள் ஒட்டிய வகையாகப் பார்த்து வாங்க வேண்டும். ஒற்றைக் கண்ணாடியில் ஓரங்களில் நிறக்கசிவு வரும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டும் நீட்டிப்புக் குழாயைப் பொறுத்தவரை கணக்கு வேறு. குழாயின் நீளத்தைக் குவியத் தூரத்தால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் மடங்கு வரும். 25 மில்லிமீட்டர் குழாய் 100-இல் 0.25 கூட்டும், 300-இல் 0.08 மட்டுமே. நீண்ட லென்ஸுக்குக் குழாய் வாங்கிவிட்டு ஏமாறுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால் காசு மிஞ்சியிருக்கும்.

கையில் பிடித்து எடுப்பதென்றால் ஷட்டர் 1/250-க்குக் கீழே போகாமலிருப்பது நல்லது. லேசான காற்று இருந்தால் 1/500. அதற்கு ஒளியுணர்திறனை (ஐஎஸ்ஓ) 800, 1600 என்று ஏற்றத் தயங்க வேண்டாம், இரைச்சலைப் பிறகு குறைக்கலாம், அசைவை அழிக்க முடியாது. தண்டு ஆடினால் இடக்கையால் பூச்சிக்குக் கீழே சற்றுத் தள்ளித் தண்டை மெல்லப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைத் தாங்கிக்கொள்ளலாம். அப்போது பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும், ஒன்றுக்கொன்று அசைவு குறையும். அதிகாலையில் காற்றே இல்லையென்றால் முக்காலியில் 1/15 கூடச் சாத்தியம், இரண்டு விநாடி டைமரோடு. நீல, உலோகப் பளபளப்பு உடல்களில் வெளிச்சம் மிகுந்து விவரமில்லாத வெள்ளையாகச் சீக்கிரம் மாறிவிடும். எக்ஸ்போஷரை மூன்றில் ஒன்று முதல் மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறைத்து வையுங்கள். பின்னணிக்கு, பூச்சியைத் தேர்ந்தெடுக்கும்போதே அதன் பின்னால் அரை மீட்டராவது வெற்றிடம் இருக்கிறதா என்று பாருங்கள். குறுக்கே வரும் புல்லை ஒடிக்காமல் இன்னொரு புல்லால் பின்னுக்கு மடக்கி வைத்துவிட்டு, முடிந்ததும் விடுவித்துவிடலாம்.

வெயில் ஏறத் தொடங்கும்போது பலர் கிளம்பிவிடுகிறார்கள். வசந்தத்தின் சிறந்த காட்சி அப்போதுதான் தண்ணீர் ஓரத்தில் தொடங்குகிறது. தட்டான்களில் பல இரவிலோ விடியலிலோ வெளிவரும். ஊசித்தட்டான்கள் பெரும்பாலும் காலை வெளிச்சத்திலேயே வெளிவரும். நீரிலிருந்து ஓரிரு சாண் உயரத்தில் கோரைத் தண்டில், வாலில் மூன்று இலை போன்ற செவுள்கள் கொண்ட பழுப்பு இளம்பருவம் அசையாமல் பிடித்திருந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். மார்பின் முதுகு பிளந்து தலையும் மார்பும் வெளியே வரும், பிறகு கால்கள் கெட்டியாகும்வரை ஓர் ஓய்வு, அதன்பின் முன்னோக்கிப் பிடித்து வயிற்றை உருவும். இறக்கைகள் முதலில் கசங்கிய பால்வெள்ளைத் துணுக்குகளாக இருந்து விரியும், அதன் பின்னர்தான் வயிறு நீளும். கடைசியில் வால்நுனியில் ஒரு நீர்த்துளி வெளியேறும். முதல் பறப்பு வரை சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஓய்வு நேரத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று நகர்ந்துவிடாதீர்கள், வயிறு உருவப்படுவது சில நொடிகள்தான். ஒரே இடத்தில் முக்காலியை வைத்து, விகிதத்தை மாற்றாமல், அரை நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்தால் முழு வரிசையும் கிடைக்கும். விரிந்து நீளும் உடலுக்காக மேலே போதிய இடம் விட்டுச் சட்டம் வையுங்கள். இந்த நிலையில் தொடவே கூடாது. ஈர இறக்கை ஒருமுறை மடிந்து காய்ந்தால் அந்தப் பூச்சி பிறகு பறக்காது. எறும்பும் சிலந்தியும் பறவையும் அதைக் கொண்டுபோவதைப் பார்க்க நேர்ந்தால் மனசு பதறும், ஆனாலும் தலையிடாதீர்கள்.

நண்பகலில் நீண்ட லென்ஸுக்கு மாறி இணைகளைத் தேடுங்கள். ஆண் தன் வால்நுனிக் கொக்கிகளால் பெண்ணின் முன்மார்பைப் பிடிக்கும், பெண் வயிற்றை வளைத்து ஆணின் வயிற்றின் இரண்டாம் கணுவுக்குக் கொண்டுவரும்போது இதய வடிவம் உண்டாகும். கலோப்டெரிக்ஸ் மாகுலாட்டா இனத்தில் ஆண் முதலில் முந்தைய ஆணின் விந்தை அகற்றிவிட்டுத்தான் தன்னுடையதைச் செலுத்துகிறது என்று 1979-இல் ஆய்வாளர் ஜொனாதன் வாகே காட்டினார். இன்னொரு ஆண் வந்தால் தன் முயற்சி வீணாகிவிடும் என்பதால் பல இனங்களில் ஆண் முட்டையிடும் வரை பெண்ணை விடுவதில்லை. நமக்கு இது நல்ல வாய்ப்பு. நீர்த்தாவரத் தண்டைக் கீறி முட்டை வைக்கும் இணை நிமிடக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும், பக்கத்தில் வேறு இணைகளும் வந்து சேரும். எனலாக்மா சயாதிஜெரம் என்ற நீல இனத்தின் பெண் தண்டோடு நீருக்குள்ளேயே இறங்கி முட்டையிடும். மூழ்கிச் செத்துவிட்டதாக நினைத்து மீட்கப் போகாதீர்கள்.

பெயர் கண்டுபிடிக்க முடியாமல் போவதற்குக் காரணம் ஒரே ஓர் அழகான பக்கவாட்டுப் படத்தோடு நிறுத்திவிடுவதுதான். ஒவ்வொன்றுக்கும் பக்கவாட்டில் ஒன்று, நேர் மேலிருந்து ஒன்று, வால்நுனிக் கொக்கிகள் தெரிய ஒன்று, பெண்ணென்றால் முன்மார்பின் பின்விளிம்பு தெரிய ஒன்று என எடுங்கள். அழகு பார்க்க வேண்டாம், தெளிவு போதும். ஐரோப்பிய நீல ஆண்களில் வயிற்றின் இரண்டாம் கணுவின் முதுகுக் குறியே பாதி விடை. சீனாக்ரியான் புயெல்லாவில் அது தனித்து நிற்கும் கறுப்பு யு வடிவம். எனலாக்மா சயாதிஜெரமில் காம்போடு கூடிய காளான் வடிவம், மார்பின் மேல் நீலப் பட்டையும் அகலம். இஸ்க்னூரா எலிகன்ஸில் கறுத்த வயிற்றில் எட்டாம் கணு மட்டும் நீலமாக இருக்கும், பெண்கள் பல நிறங்களில் வரும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். புதிதாக வெளிவந்தவை வெளிறியிருக்கும். ஆஸ்திரேலியாவின் ஆஸ்ட்ரோலெஸ்டெஸ் போன்றவற்றில் ஆணின் நீலம் குளிரில் மங்கிச் சாம்பலாகி, வெயிலில் மீண்டும் வரும். மார்பின் அடியில் செம்மணிகள் ஒட்டியிருந்தால் அவை முட்டையல்ல, நீர்ச்சிலந்திப்பேன்களின் குஞ்சுகள்.

காப்பகத்தின் விதிகள் வசந்தத்தில் இன்னும் கடுமையாக இருக்கும், இருக்கவும் வேண்டும். நாணலுக்குள் பறவைகள் கூடு கட்டும் காலம் இது. கரையோரக் கோரையில் ஒரு காலடி வைத்தால் தண்டோடு ஏறிக்கொண்டிருக்கும் இளம்பருவங்கள் நசுங்கும். மரப்பலகை நடைபாதையில் குப்புறப் படுத்து எடுப்பதே பெரும்பாலும் போதும், மெல்லிய நுரைப்பாய் ஒன்று கொண்டுபோங்கள். வலை வைத்துப் பிடிக்க அனுமதி தேவைப்படும், படத்துக்கு அது தேவையே இல்லை. உயரப் புல்லில் உண்ணிகள் உண்டு. கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் என உடல் முழுதும் பாருங்கள். அங்குள்ள பணியாளரிடம் அந்த இடத்தின் இனப் பட்டியலை முன்பே கேட்டு வாங்கினால், எந்தக் குறியைப் படத்தில் பிடிக்க வேண்டும் என்று போகும்போதே தெரியும். படங்களைத் தேதி, நேரம், இடம், என்ன செடியில் உட்கார்ந்திருந்தது என்பதோடு ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, உயிரினப் பதிவுகளைப் பகிரும் தளத்தில் ஏற்றி, அந்தக் காப்பகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். பருவத்தில் முதலில் தென்பட்ட தேதி அவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும் தகவல்.